பன்னிரண்டு பேரும் ஏறும் வழி

பூமிக்கு ஒரு கதவு போடுவது என்று யாராவது முடிவு செய்தால், அளவெடுக்க அத்தையைத்தான் கூப்பிட்டாக வேண்டும். வேறு யார் அளந்தாலும் கதவு உரசும். நிலா இருக்கிற பக்கம் காற்று உள்ளே வரும். இது மிகை இல்லை. கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறது.

அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் அத்தைக்கு அளவெடுக்கும் வேலை. இடுப்பில் ஸ்டீல் டேப், காதுக்கு மேல் பென்சில், ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு ரசமட்டம். கட்டி முடிக்காத வீடுகளுக்குள் போவார். கதவுக்காகச் சுவரில் விட்ட இடத்தை மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளப்பார். மூன்றில் எது சின்னதோ அதுதான் கணக்கு.

"வரைபடத்துல தொண்ணூறு சென்டின்னு தெளிவா போட்டிருக்கேம்மா" என்று எஞ்சினியர் வாதாடுவார்.

"உங்க சுவர் வரைபடத்தைப் படிக்கல சார்" என்று சொல்லிவிட்டு, எண்பத்தொன்பது புள்ளி நாலு என்று எழுதிக்கொள்வார் அத்தை.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அளந்த ஒரு கதவுகூடத் திரும்பி வந்ததில்லை. பட்டறைக்குப் புது ஆள் சேர்ந்தால் முதலாளி முதலில் காட்டுவது மெஷினை இல்லை, அத்தையை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் உலகம் சுற்றும் வேலை வந்து விடிந்தது. ஆரம்பித்து வைத்தவர் கண்ணாடிக்காரர். பட்டறையில் கண்ணாடி வெட்டுகிறவர். கையெல்லாம் தழும்பு, வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒரு நாள் டீ நேரத்தில் போனில் வீடியோ காட்டினார். எங்கேயோ ஒரு நாட்டில், ஒரு ரயில் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈரத் துணியை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டு போனது.

"சாகறதுக்குள்ள ஒரு தடவ இதுல ஏறிடணும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஏறுனா ரெண்டும் ஒரே நேரத்துல முடிஞ்சுடும்" என்றார் மாமா. மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அன்றைக்கு வேனை நிறுத்திவிட்டு ஓசி டீக்கு வந்திருந்தார்.

விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு மூன்று வருடச் சேமிப்பாக வளர்ந்தது. பட்டறையிலிருந்து ஆறு பேர், வீட்டிலிருந்து ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு. நான்கு நாடு, ஆறு தீம் பார்க், பதினெட்டு நாள். எந்த நாடு, எந்தப் பார்க், எந்த நேரம் என்று திட்டம் போடும் பொறுப்பை எல்லோரும் ஒரே வாயாக அத்தையிடம் தள்ளினார்கள்.

அத்தை பட்டறையின் பின் அறையில், மிச்ச ஃப்ரேம்களுக்கு நடுவே, சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினார். வேறு யாராக இருந்தாலும் அதில் முதலில் நாட்டின் பெயரை எழுதுவார்கள். அத்தை முதலில் எழுதியது ஓர் எண்: 130.3.

அந்த எண் சித்தப்பா.

சித்தப்பா அத்தையின் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து நான்கு, உயரம் மட்டும் ஒன்பது வயதுப் பிள்ளை உயரம். பிறவியிலேயே அப்படி. வாய் ஆறடி. "கீழ விழுந்த ஸ்க்ரூவை என்னைவிட சீக்கிரம் எடுக்க இந்தத் தொழில்ல ஆள் இல்ல" என்று வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். அவராகச் சொன்னால்தான் அது ஜோக். வேறு யாராவது சொன்னால் அவர்கள் போன் சரியாக மூன்று வாரம் தாமதமாகும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு கண்காட்சிக்குப் போனார்கள். ராட்டின வாசலில் பலகையில் வெட்டிய ஒரு கோமாளி, கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கைக்குக் கீழே தலை போனால் ஏற விட மாட்டார்கள். பத்தொன்பது வயதுச் சித்தப்பாவின் தலை கீழே போனது. பின்னால் வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்."

முதலில் பையை நீட்டியது அத்தைதான். நீட்டிவிட்டு ஏறினார், கத்தினார், வயிறு வலிக்கச் சிரித்தார். இறங்கி வந்து பார்த்தால், எட்டுப் பைகளுக்கு நடுவில் தம்பி ஒன்பதாவது பை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் பை காவல் சித்தப்பாதான். யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அது பழகிவிட்டது. அத்தைக்கு மட்டும் பழகவில்லை. தன் கையிலிருந்து அந்தப் பை போன அந்த நொடியை அவர் எத்தனை தடவை அளந்து பார்த்தாலும் அதே அளவுதான் வந்தது.

அதனால்தான் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு விதி. பன்னிரண்டு பேரும் ஏறுகிற சவாரிக்குத்தான் டிக்கெட். அந்த விதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

உலகம் முழுக்க முப்பத்தொரு பார்க்குகளுக்கு அத்தை கடிதம் எழுதினார். அவருக்குத் தெரியாத மொழிக்கெல்லாம் அண்ணன் மகனின் போன் மொழிபெயர்த்தது. அந்தப் பையனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பள்ளிக்கூடமே போதுமான அளவு சொல்லி அனுப்பிவிட்டது. கடிதத்தில் ஐந்து கேள்வி: குறைந்தபட்ச உயரம் எத்தனை? செருப்போடு அளப்பீர்களா, கழற்றிவிட்டா? பூட்டுகிற கம்பி சின்ன உடம்பை இறுக்கமாகப் பிடிக்குமா? பெரிய வயதுக்காரர் என்றால் ஏதாவது தடையா? கடைசியாக, உங்கள் அளவுகோலை யார், எப்போது சரிபார்த்தார்கள்?

பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒரு பார்க், சின்னக் குழந்தை என்று நினைத்து வண்ணம் தீட்டக் கரடிப் படம் அனுப்பியது. இன்னொரு பார்க்கிலிருந்து ஒரு எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு, அளவுகோலின் படத்தோடு நான்கு பக்கம் எழுதியிருந்தார். அத்தை அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இவங்கதான்டா மனுஷங்க" என்று அந்த நாட்டைச் சார்ட்டில் முதலாவதாக எழுதினார்.

சித்தப்பாவை அளந்தது தனிக் கதை. "டேய், இந்த ஃப்ரேமைக் கொஞ்சம் பிடி, செருப்பைக் கழட்டு, இப்பத்தான் தரையைத் துடைச்சிருக்கு" என்று கடை திறக்கும் முன் ஒரு தடவை கூப்பிட்டார். மதியம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. சித்தப்பா ஃப்ரேமுக்குள் நிற்பார். தலைக்குப் பின்னால் பென்சில் ஒரு கோடு போடும். காலையில் 131.2, மதியம் 130.6, சாயங்காலம் 130.3. நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகு கொஞ்சம் அமுங்குகிறது, எல்லோருக்கும்தான். மூன்றில் சின்னதைக் கணக்கில் எடுத்தார். சவாரிகளையெல்லாம் காலையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறைக்கு விடுமுறை. கண்ணாடி வெட்டுகிற பெரிய மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அத்தை சார்ட்டை எடுத்துவந்து விரித்தார். உயரக் கணக்கு இருந்த ஓரத்தை மட்டும் உள்ளே மடித்து வைத்திருந்தார்.

"ஏம்மா, தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமா? நாம என்ன பால் போடவா போறோம்?" என்றார் மாமா.

"காலைல வரிசை கம்மி."

"சரி, என் ரயில் எங்க?" கண்ணாடிக்காரர் சார்ட்டின் மேல் கவிழ்ந்து தேடினார். "தலைகீழா தொங்குமே, அது இல்லியே! அதுக்காகத்தானே இந்த ஊர்வலமே கெளம்புது?"

"அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அந்த ரயிலில் ஏற நூற்று நாற்பது சென்டி உயரம் வேண்டும். 'அங்கே பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அளவு விஷயத்தில் அத்தைக்குப் பொய் வராது. வந்திருந்தால் எப்போதோ பணக்காரர் ஆகியிருப்பார்.

"கை தூக்கிப் பாத்துடுவோம்" என்று கண்ணாடிக்காரர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு கைகள். எட்டாவதாகச் சித்தப்பாவின் கையும் எழுந்தது.

"போலாம்க்கா. இவ்வளவு தூரம் போய்ட்டு அதை விட்டுட்டு வர்றதா? நீங்க ஏறுங்க, நான் பையைப் பாத்துக்கறேன்."

அத்தை மேசையில் கையால் ஓங்கி அடித்தார். கண்ணாடி வெட்டுகிற மேசை என்பதால் எல்லோரும் ஒரு நொடி மூச்சை நிறுத்தினார்கள்.

"பை பாக்கறதுக்கு நான் ஆள் கூட்டிட்டுப் போகல! பன்னெண்டு பேரும் ஏறணும். இல்லன்னா ஒருத்தரும் ஏற வேண்டாம்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சித்தப்பா எழுந்து வந்து, சார்ட்டின் மடித்த ஓரத்தை விரித்தார். பதில் போட்ட பார்க்குகளின் உயரங்கள், மேலே மூன்று எண்கள், அந்த மூன்றில் ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம். போனுக்குள் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் படித்தார். முகம் இறுகியது.

"ஃப்ரேமைப் பிடின்னு மூணு தடவ கூப்பிட்டியே. இதுக்கா?"

"ஆமா."

"என்னைக் கேக்காமயே அளந்தியா?"

"கேட்டிருந்தா வரலன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்!"

"அதான் கேக்கல."

சித்தப்பா கதவு வரைக்கும் போனார். எழுந்து போனால் அவர் திரும்பி வருகிற ஆள் இல்லை என்பது அத்தைக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அளந்தது தப்போ என்று அவருக்குத் தோன்றியது. வார்த்தையைத் தேடினார், கிடைத்தது ஒன்றுதான்.

"அன்னைக்கு மொதப் பையைக் குடுத்தது நான்டா."

சித்தப்பா கதவருகிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து, சார்ட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கடலோரப் பார்க். மலைமேல ஏறி அப்படியே தண்ணிக்குள்ள எறங்குற ரயில். நூத்தி முப்பது போட்டிருக்க. நான் சாயங்காலம் நூத்தி முப்பது புள்ளி மூணு. மூணு மில்லிதானே மிச்சம்?"

"அதான் காலைல எட்டு மணிக்கு வச்சிருக்கேன். காலைல உனக்குப் பன்னெண்டு மில்லி மிச்சம் இருக்கு."

"அவங்க அளவுகோல் தப்பா இருந்தா?"

"சரிபாத்து கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. அப்பவும் தப்புன்னா, என் டேப் என் இடுப்புலதான் இருக்கும்."

ஓர் உத்தியோகஸ்தர் சொன்ன மாதிரி இருந்தது அது. சித்தப்பாவின் வாய்க்கோடியில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "முன் சீட்டு வேணும்க்கா. எனக்கு முன்னால எவன் மண்டையும் மறைக்கக் கூடாது."

"முன் சீட்டுன்னுதான் எழுதியிருக்கேன். கீழ பாரு."

எழுதியிருந்தது.

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "உண்மையச் சொல்லணும்னா, அந்தத் தலைகீழ் ரயிலை நெனச்சாலே எனக்குக் கால் கூசுது. நீங்களாச்சும் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். எல்லாரும் கையைத் தூக்கிட்டீங்க பாவிகளா."

பட்டறையே சிரித்தது. மாமா மட்டும், "அஞ்சு மணி..." என்று இழுத்துப் பார்த்தார். "அலாரம் என் பொறுப்பு மச்சான். உங்க போன்ல நிறுத்தவே முடியாத மாதிரி வச்சுத் தரேன்" என்றார் சித்தப்பா. அத்தை பென்சிலை எடுத்து, 'பை' என்பதற்கு எதிரே 'லாக்கர்' என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி அழுத்தி எழுதினார். ஆயிரம் கதவு மாட்டிய நாளில்கூட அவர் அப்படித் தோளை நிமிர்த்தி நின்றதில்லை.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் சித்தப்பா பட்டறைக்கு வந்தார். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, அத்தை சரிபார்த்துக்கொண்டிருந்த ஜன்னலின் தாழ்ப்பாளுக்கு நேரே தலை வர நின்று, ஒரு நிமிஷம் பேசிவிட்டுப் போனார். அத்தை அவர் போன திசையையே பார்த்தார். பிறகு அந்த ஜன்னலின் தாழ்ப்பாளைப் பார்த்தார். டேப்பை இழுத்துத் தரையிலிருந்து தாழ்ப்பாள் வரை அளந்தார். மறுநாள் தம்பி கடைக்குள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் கிடந்த ஷூவை எடுத்து உள்ளே விரலை விட்டார்.

மதியம் அண்ணன் மகனைக் கூப்பிட்டு மேசைமேல் இரண்டு கறுப்புத் துண்டுகளை வைத்தார். கண்ணாடி ஆடாமல் இருக்க ஃப்ரேமுக்குள் வைக்கிற ரப்பர், பாதம் மாதிரி வெட்டி, இரண்டடுக்காக ஒட்டியது. எட்டு மில்லி.

"இது என்னடா?"

"யாருக்குத் தெரியும் அத்தை? எலி கொண்டுவந்து போட்டிருக்கும்."

"எலி கத்தரிக்கோல் பிடிக்குமா?"

"இப்ப இருக்கிற எலியெல்லாம்..."

"செருப்பைக் கழட்டச் சொல்லித்தான் அளப்பாங்கன்னு எனக்குப் பதில் படிச்சுக் காட்டினதே நீதானடா மடையா."

பையன் ஜன்னல் பக்கம் பார்த்தான். மூணு மில்லிதான் மிச்சம் என்று அன்றைக்குக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அவன் சொல்வதாக இல்லை. அத்தையும் கேட்பதாக இல்லை. ரப்பரைக் குப்பையில் போட்டார். அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டிய கையை உடனே எடுக்கவும் இல்லை.

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?" என்றான், இதை எழுதுகிறவன்.

"நாப்பத்தி நாலு வயசுல" என்றார் அத்தை, "யாரும் எட்டு மில்லி வளர மாட்டாங்க."