பண்டி மிஸ்

கொட்டில் வாசலில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பன்றியின் மூச்சை எண்ணுகிறார் அன்ரோனெற். எண்ணி முடியும்வரை வீட்டுக்காரரோடு ஒரு பேச்சும் இல்லை. ஒரு நிமிடம் கழிந்த பிறகுதான் திரும்பி, "சுகமா இருக்கிறியளோ?" என்பார். கேட்டது தங்களையா பன்றியையா என்று மன்னார்ப் பக்கத்து வங்காலைப் பெண்களுக்கு இன்றும் சந்தேகம்.

பல்கலைக்கழக விவசாய பீடத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர். ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் தாழ்வுபாடு. தகப்பன் சிங்கராசா கடலுக்குப் போனவர். மகள் பன்றிகளை ஆராய்ந்து கலாநிதியானதைத் தாய் எடித் பல வருடம் வெளியில் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "பிள்ளை விவசாயம் படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு மன்னார்க் கரை வைத்த பெயர் 'பண்டி மிஸ்'. யாராவது தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்டால், "ஓம், பண்டி மிஸ்தான். சொல்லுங்கோ" என்கிறார்.

கரையில் வீணாகும் மீன்தலையையும் குடலையும் அவித்து, தவிட்டோடு குழைத்துக் கொடுத்தால் குட்டிகள் எவ்வளவு வளரும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் இறைச்சியில் மீன் மணத்தது. எப்போது நிறுத்தினால் மணம் போகும் என்று அறிய, பன்னிரண்டு பெண்களை இருத்தி, மூன்று சட்டிக் கறியை எது எதுவென்று சொல்லாமல் பரிமாறினார். கட்டுரையில் அது அட்டவணையாக வந்திருக்கிறது. வங்காலையில் ஒரே வரி: "கடைசி ஒரு மாசம் பண்டிக்கு மீனைக் காட்டக் கூடாது."

இரண்டு வருடத்துக்கு முன் பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தது. விதவையான றோசம்மாவின் கொட்டிலில் மூன்று பன்றிகள் ஒரே நாளில் தீன் தின்பதை விட்டன. காதுகள் கருநீலமாகின. நாலாம் நாள் மூன்றும் செத்தன. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் சப்பாத்திலும் லொறிச் சில்லிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போய்விடும்.

பக்கத்து வளவுப் பேதுருவிடம் பன்னிரண்டு பன்றிகள் நின்றன. காய்ச்சல் வரமுதல் விற்றுவிட நினைத்து, மறுநாள் காலைக்கு லொறி பேசிவிட்டார். அந்த லொறி போகும் வழியில் அடுத்த ஊரான நறுவிலிக்குளத்திலும் பன்றி ஏற்றும். அதற்குள் ஊரில் இன்னொரு கதையும் கிளம்பியிருந்தது: இந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது பல்கலைக்கழகத்துக்காரர்தானாம்.

கோபப்படாமல், வருகைக் குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தார் அன்ரோனெற். இரண்டு கிழமைக்கு முன் அவருடைய மாணவி மங்கையற்கரசி வேறோர் ஊரில் பன்றிகளை எடை நிறுத்துவிட்டு, அதே நாளில் றோசம்மாவிடம் போயிருந்தாள். அந்த வேறு ஊரிலும் இப்போது பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன. அழைத்துக் கேட்டார். கொண்டுபோன மருந்துத் தண்ணீர் முடிந்துவிட்டதாகவும் சப்பாத்தைக் கழுவாமலே போனதாகவும் சொல்லி அவள் அழுதாள். ஒரே நாளில் இரண்டு கொட்டில் என்று ஒழுங்கு போட்டுக் கொடுத்தவர் அன்ரோனெற். வாகனம் ஒருநாள்தான் கிடைத்தது.

அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். றோசம்மா முன்வரிசையில் இருந்தார். அன்ரோனெற் மாணவியின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைத் தேதியோடு சொன்னார். இந்த வழியாகத்தான் வந்தது என்று நிச்சயமில்லை, ஆனால் வந்திருக்கலாம், ஒழுங்கு தன்னுடையது, பிழையும் தன்னுடையது என்றார்.

பிறகு பேதுரு எழும்பினார்.

"இதை நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராதே, மிஸ்."

"தெரிஞ்சிராது. ஆனா நாளைக்குப் பண்டியளை ஏத்த வேண்டாம் எண்டு உங்களிட்டைக் கேக்க வந்தனான். இதை மறைச்சுப்போட்டு அதை எப்பிடிக் கேக்கிறது?"

பேதுரு மண்டபத்தை விட்டு இறங்கிப் போய்விட்டார். காலையில் லொறி வந்தது, வெறுமையாகத் திரும்பியது. அவருடைய பன்னிரண்டில் ஒன்பது அந்தக் கிழமையே செத்தன. மிச்சம் மூன்றையும் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு போட்டுக் குழி மூடும்வரை அன்ரோனெற் பக்கத்தில் நின்றார். நறுவிலிக்குளத்துக்குக் காய்ச்சல் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் சிலருக்கு அவர் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மண்டபத்தில் சொன்னதையே எழுதிக் கொடுத்தார். மங்கையற்கரசி படிப்பை விட்டுவிடப் பார்த்தாள்; வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்து பரீட்சை எழுதவைத்தார். ஒவ்வொரு வருடமும் புதிய வகுப்புக்குச் சொல்லும் முதல் பாடம் இந்தக் கதைதான். அதில் பிழை விட்ட ஆளை 'நான்' என்றே சொல்வார்.

ஆறு மாதம் கொட்டில்கள் காலியாகக் கிடந்தன. அப்போதும் சனிக்கிழமைகளில் வந்து, பன்றியில்லாத கொட்டில்களில் மருந்து அடித்தார். முதலில் றோசம்மாதான் இரண்டு குட்டி வாங்கி விட்டுப் பார்த்தார். அவை தப்பின. பிறகு பேதுருவும் வாங்கினார்.

இதை எழுதுவதற்காக நான் வங்காலைக்குப் போன அன்று பேதுருவின் பன்றி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. பதினொன்று வந்துவிட்டது. கடைசிக் குட்டி அசையவில்லை. அன்ரோனெற் வைக்கோலில் முழங்காலிட்டு, அதன் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து, விலாவைத் தேய்த்தார். அது மெல்லத் தும்மியது. பால் கூடுதலாக வரும் முன்காம்பில் அதைப் பொருத்தினார். மற்றக் குட்டிகள் முட்டித் தள்ளின. பேதுரு ஒரு கதிரையைக் கொண்டுவந்து, "இருங்கோ மிஸ்" என்றார். அன்ரோனெற் திரும்பவில்லை. குட்டி காம்பை விடாமல் பிடிக்கும்வரை அதன் முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலை முட்டுக் கொடுத்தபடி இருந்தார்.