கங்காணி மகள் கூட்டிய வாசல்

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து கிழிந்த காலரோடு வந்தாள். பக்கத்து பெஞ்சுப் பெண் பிடித்து இழுத்தாளாம். மறுநாள் போய் நின்றேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ண என்ன செய்யணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார். படித்தவள்தான் நான். பேச வேண்டியதையெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அடியுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. இந்தக் குழப்பம் எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அவள் கூடையை நிறுத்து எழுதுபவர் கங்காணி. அவர் மகள் என் பள்ளியில் நாலாம் வகுப்பு. மத்தியானம் உப்புமாவுக்கு நாங்கள் வரிசையில் நிற்கும்போது என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்துவாள். "லைன் புள்ளைக்குக் கடைசி வண்டிதான்" என்பாள். என் முறை வருவதற்குள் அண்டாவில் காந்தல்தான் மிஞ்சியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னால், "வாயத் தொறந்துராத. அவுக அப்பன் எடையில கை வச்சாருன்னா நாம எதைத் திங்க?" என்பாள்.

ஒரு நாள் கங்காணி மகள் தள்ளிவிட்டதில் தட்டோடு சாக்கடையில் விழுந்தேன். உதட்டில் ரத்தம். தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தார். கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர் அதை மெல்ல வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்: "நாளெ முதல் நீ இவள்க்கு கூட்டு. ராவிலெ இவளுடெ வீட்டில் செல்லணும். மனசிலாயோ?"

"மனசிலாயி டீச்சர்" என்றாள். எனக்கும் மனசிலாயிற்று என்றுதான் நினைத்தேன். ராவிலெ என்றால் காலை; அது சரியாகவே புரிந்தது. ஆனால் மலையாளத்தில் கூட்டு என்றால் துணை. எங்கள் இருவருக்கும் தெரிந்த கூட்டு விளக்குமாற்றோடு சேர்ந்தது.

மறுநாள் காலை, பனி விலகுமுன் எங்கள் வாசலில் சரக் சரக்கென்று சத்தம். அம்மா கதவைத் திறந்தாள். கங்காணி மகள், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த விளக்குமாற்றால் குப்பையை எங்கள் கதவுப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, என்ன வேலை இது? குடு இங்க."

"விடுங்கக்கா. ஒங்க மகளுக்கு நான்தான் கூட்டணும்னு டீச்சர் சொல்லிருக்காக."

"ஒங்க அய்யா பாத்தா என்னைய வேலைய விட்டே தூக்கிருவாரு. குடு தாயி."

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு நின்று, "கங்காணி மகளுக்கும் லைன்ல பேர் பதிஞ்சாச்சா? அப்படியே எங்க வாசலையும் ஒரு தள்ளு தள்ளிரு தாயி" என்றாள். சிரிப்பு வீடு வீடாகப் போயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விளக்குமாற்றைப் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் பள்ளிக்கு விரட்டினாள்.

வழியில் கொழுந்து டிராக்டர் வந்தபோது அவள் என்னைச் செடியோரம் இழுத்துக்கொண்டாள். இந்த முறை கையைப் பிடித்து. கொஞ்ச தூரம் போனபின், "நாளைக்கு உள்ளயும் கூட்டுதேன்" என்றாள்.  எதற்கு இழுத்தாள், எப்போது தள்ளுவாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சிரிப்பு கங்காணி காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மத்தியானம் பள்ளி வராந்தாவில் வந்து நின்றார். கொழுந்துக் காட்டிலிருந்து அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். டீச்சர் பதறிப்போய் வேகமாக மலையாளத்தில் விளக்கினார்; எனக்குப் பிடிபடவில்லை. கங்காணிக்கு ஆபீஸ் மலையாளம் அத்துப்படி. முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"வாசல் தூத்ததுகூடப் போவுது, டீச்சர். ஒரு நாள் தண்டனைன்னு சொல்லிக்கலாம். தெனமும் லைன் புள்ளையோட சோடி போட்டுக்கிட்டு நடந்தா, அதுக்கு என்ன பேர் சொல்ல?"

யாரும் கேட்காமலே அம்மா, "வேண்டாங்கய்யா. எம் மக தனியாவே வருவா" என்றாள். 

டீச்சர் என் முன்னால் குனிந்தார். "மோள் பறயூ. நினக்கு கூட்டு வேணோ?"

அம்மாவைப் பார்த்தேன். எதைச் சொன்னால் அவள் வேலை போகாது என்பது எனக்குத் தெரிந்தது. தைரியமாகவே சொன்னேன்: "வேண்டாம் டீச்சர். எங்கம்மாவே நல்லாக் கூட்டும்."

கங்காணி மறுபடி சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்தார். அம்மா மூச்சு விட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. டீச்சர் மட்டும் ஏன் நிமிராமல் அப்படியே குனிந்திருந்தார் என்று புரியவில்லை.

அப்போது கங்காணி மகள் என் பக்கத்திலிருந்து நகர்ந்து தன் அப்பாவிடம் போனாள். அதுவரை அவள் என்னை ஒட்டித்தான் நின்றிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.