பாட்டுக்காரியோடு துணைக்குப் போன ஊர்கள்

பம்மலிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷன் இரண்டு மைல். 1966 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி வெயிலில் அந்த இரண்டு மைலையும் நடந்து போனோம். என் மனைவி ரெஜினா முன்னால் போனாள். நான் பின்னால். கல்யாணமாகி எட்டு மாதம். அவள் வாயில் பனங்கற்கண்டு. என் கையில் பை. பையில் வெந்நீர் பாட்டில், ஒரு சால்வை, இரண்டு வாழைப்பழம்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் இருபது காசு. கொஞ்ச நேரப் பயணம்தான். உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை, புடவை கசங்கும் என்றாள். நானும் நின்றேன்.

ரெஜினா மெல்லிசைக் குழுவில் பாடினாள். குழுவில் பாடும் பெண்ணை யாரும் தனியாக அனுப்ப மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்பா போனார். பிறகு நான். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் உட்கார வேண்டும், முடிந்ததும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எட்டு வருஷம் அப்படிப் போனேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. வேலை பம்மலில் தோல் பதனிடும் கம்பெனியில். எனக்குத் தெரிந்த மாதிரி அந்த ஊர்களை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் அன்று மாதா கோயில் திருவிழா. மேற்குப் பக்கம் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை, மேலே தென்னங்கீற்று. குழுவை நடத்தியவர் ஞானம் சார், பள்ளி ஆசிரியர், ஆர்மோனியம் வாசிப்பார். அவர் எனக்கு நாற்காலி காட்டினார். பிறகு வில்சன் சாரை அறிமுகம் செய்தார்.

வில்சன் சார் கிண்டியில் ஆபீஸ் வேலை. ஆண் குரல் அவருடையது. வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்தது. பக்கத்தில் வந்தால் பவுடர் வாசனை. நான் தோல் கம்பெனிக்காரன். எந்த சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. அவர் கை நீட்டினார். நான் கும்பிட்டேன்.

பாட ஆரம்பித்ததும்தான் ஒன்று தெரிந்தது. பாடகர்களுக்கு இருந்தது ஒரே மைக். ஜோடிப் பாட்டு என்றால் இரண்டு பேரும் அந்த ஒன்றின் முன் நிற்க வேண்டும். எல்லாக் குழுவிலும் அப்போது அப்படித்தான். அவர் தோளுக்கும் அவள் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடம். அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கை தட்டியது. என் மடியில் சால்வையும் பாட்டிலும் இருந்தன. நான் தட்டவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு, சில மாதம் மூன்று. மேடவாக்கம் போனோம். தாம்பரத்திலிருந்து பஸ், வழியெல்லாம் ஏரி. குன்றத்தூர் போனோம். மலையடியில் மேடை, இட்லி நன்றாக இருந்தது. திருநீர்மலைக்குப் பம்மலிலிருந்து நடந்தே போய்விடலாம், போனோம். திருமுடிவாக்கம் அப்போது முழுக்க வயல். ரோட்டிலிருந்து ஊருக்குள் போக மாட்டு வண்டி அனுப்பினார்கள். வண்டியில் ஆர்மோனியம், தபேலா, ரெஜினா, வில்சன் சார். எனக்கு இடம் இல்லை. வண்டிக்குப் பின்னால் நடந்தேன். வண்டி குலுங்கும்போது அவள் சிரித்தது கேட்டது. அந்த ஊரில் சுண்டலும் மோரும் கொடுத்தார்கள். நான் மோர் மட்டும் குடித்தேன்.

வில்சன் சார் என்னிடம் மரியாதையாக இருப்பார். அதுதான் கஷ்டம். இடைவேளையில் தானே சோடா வாங்கி வந்து கொடுப்பார். "அண்ணா, நீங்க இருந்தாதான் சிஸ்டர் தைரியமா பாடுறாங்க" என்பார். ரெஜினாவை எப்போதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மேடை ஏறும்வரை சிஸ்டர். ஏறினதும் கண்ணே. இறங்கினால் மறுபடி சிஸ்டர். நடுவில் இருந்த அந்த மூன்று நிமிஷத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் பேச்சு வந்தது. என்னோடு தோல் அலசும் மாணிக்கம் பொதுவாகச் சொல்வது போலத்தான் ஆரம்பிப்பான். தாம்பரத்தில் கேட்டானாம், ரேடியோ மாதிரியே இருந்ததாம். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இன்னா தாசு, ஜோடி அப்டியே பொருந்திகினு கீது. நீ யாரு அதுல?"

"துணை" என்றேன்.

"யாருக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தொட்டியில் கையை விட்டுத் தோலைப் புரட்டினேன்.

1968-ல் மகள் பிறந்தாள். ஆறு மாதம் கச்சேரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தேன். ஏழாவது மாதம் ஞானம் சார் வந்தார். மறுபடி நாற்காலி, மடியில் குழந்தை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்தியிருப்பாள். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

1970, ஆடி மாதம், பெருங்களத்தூர். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ், பதினைந்து காசு. இரண்டு பக்கமும் புளியமரம், லாரிகள். குழந்தையை என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். நாலு மணிக்கே போய்விட்டோம். மைக் செட் போட்டவர் அந்த ஊர்க் கன்னியப்பன். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். இறங்கும்வரை நின்று, பாடுகிறவர்களுக்கு இன்னொரு மைக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஒண்ணே போதும் அண்ணா. ரெண்டு எதுக்கு?"

காற்று அடிக்கிறது, ஒருவர் குரல் சரியாக விழவில்லை என்றேன்.

"யாரு கொரலு? உன் வூட்டுக்காரம்மாவுதா? அது வண்டலூர் வரைக்கும் கேக்குது." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, வுடு. போட்டுடலாம்" என்றார்.

வாடகை மூன்று ரூபாய். நானே கொடுத்தேன். அவர் இரண்டாவது மைக்கைப் பக்கத்தில் வைக்கப் போனார். நான் தள்ளி வைக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் என்றேன். ஆறடி இருக்கும். நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். நான்கு வருஷத்தில் அன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்தது.

ஜோடிப் பாட்டு வந்தது. அவள் ஒரு மைக்கில் நின்றாள். அவர் இன்னொன்றில். ஆர்மோனியம் தொடங்கியதும் இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள்.

ஒரே மைக் இருந்தபோது இரண்டு பேரும் மைக்கைத்தான் பார்த்தார்கள். தோள் அசைவதை வைத்தே ஒருவர் நிறுத்த மற்றவர் எடுப்பார். தள்ளி நின்றால் அது தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவர் பாடும்போது அவள் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். அவள் பாடும்போது அவர் கண் எடுக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை நான் வீட்டில் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்துக்கு நான்தான் மூன்று ரூபாய் கொடுத்திருந்தேன்.

முடிந்ததும் வில்சன் சார் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, ரெண்டு மைக் உங்க ஐடியாவாமே. ரொம்ப நல்லா இருந்துது. இன்னைக்குத்தான் சிஸ்டர் முகம் பாத்துப் பாட முடிஞ்சுது."

ஞானம் சார் இனிமேல் எங்கே போனாலும் இரண்டு மைக் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது ரெஜினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்களுக்கு இதெல்லாம் தோணும்னு நினைக்கவே இல்லை என்றாள். பஸ் வந்தது. ஏறினோம்.

அடுத்த மூன்று வருஷம் சேலையூர், முடிச்சூர், வண்டலூர், மறுபடி தாம்பரம். எங்கே போனாலும் அந்த ஆறடி.

1973 முடிவில் வில்சன் சாருக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆனது. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். குழந்தைக்கு பிஸ்கட் கொண்டுவந்தார். ரெஜினா வாசல்வரை போனாள். நான் தெருமுனைவரை போனேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கையைக் காட்டிவிட்டு, திரும்பும்போது கறிக்கடைக்குப் போனேன். அது புதன்கிழமை.

புதிதாக வந்தவன் கல்லூரிப் பையன். அவனோடு ரெஜினா மூன்று கச்சேரி பாடினாள். அவன் குரல் மேலே போனது, அவளுக்கு அது எட்டவில்லை. ஞானம் சார் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொரல் கொஞ்சம் கனத்துடுச்சும்மா. தம்பியோட சுருதிக்கு ஒரு சின்னப் பொண்ணைப் பாத்திருக்கேன்."

"சரி சார்" என்றாள். இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டாள்.

நான் இதற்காகத்தான் எட்டு வருஷம் காத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் இருந்தது.

பிறகு வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. வீட்டில் அவள் எப்போதுமே பாட மாட்டாள். ஆனால் முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போது உதடு அசையும். இப்போது அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி ஆனால் நான் எழுந்து சட்டை போட்டுக்கொள்வேன். பிறகு கழற்றி மாட்டுவேன்.

1974, ஆகஸ்ட். முடிச்சூரில் குழு பாடுகிறது என்று மாணிக்கம் சொன்னான். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூருக்கு மூன்று மைல், நடந்தேன். ஏரிக்கரையில் காற்று. கூட்டத்தின் பின்னால் நின்றேன். புதுப் பெண் சின்னவள்தான். அந்த நாற்காலியில் அவள் அப்பா போல ஒருவர் உட்கார்ந்திருந்தார், மடியில் பை. அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா என் காலைப் பார்த்தாள். செம்மண்.

"கச்சேரிக்குத்தானே போனீங்க?"

ஆமாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே, என்னென்ன பாட்டு என்று கேட்டாள்.

யோசித்தேன். புதுப் பெண் நீலப் பாவாடை தாவணி என்றேன். இரண்டு மைக் என்றேன். கூட்டம் குறைவு என்றேன்.

"பாட்டு?"

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் அரிசியிலிருந்து கையை எடுத்தாள்.

"போவட்டும். நான் பாடினதுல ஒண்ணு சொல்லுங்க."

திருமுடிவாக்கத்தில் வண்டியில் போனது சொன்னேன். குன்றத்தூரில் மலையடியில் மேடை போட்டது சொன்னேன். பெருங்களத்தூரில் நீ பச்சைப் புடவை என்றேன்.

"ஊரைக் கேக்கல. பொடவையக் கேக்கல. பாட்டைக் கேட்டேன்."

நான் காலில் இருந்த செம்மண்ணைத் தட்டினேன்.

"எட்டு வருசம் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தீங்க."

"பாத்துகினு இருந்தேன்" என்றேன்.

"அது தெரியும்" என்றாள்.

மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். தெரியும் என்றால் எந்த வருஷத்திலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெருங்களத்தூர் மைக்கும் தெரியுமா என்று கேட்கவில்லை. அன்று இரவு சோறு போட்டாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

டிசம்பரில் குரோம்பேட்டையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேறு குழு. போகலாமா என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புடவை மாற்றப் போனாள். மகளை அக்கா வீட்டில் விட்டோம். பம்மலிலிருந்து பல்லாவரத்துக்கு இப்போது பஸ் இருந்தது. அங்கிருந்து ரயிலில் ஒரே ஸ்டேஷன்.

டிக்கெட் ஒரு ரூபாய். மாலை ஐந்தரை மணி. நடுவில் கயிறு கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக மேடைக்கு எதிரே உட்கார்ந்தேன். கையில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால்தான் எனக்குக் கேட்டது. முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் ஒரு அடி திரும்பத் திரும்ப வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிடாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு கண்ணைத் திறந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ரெஜினா மூன்றாவது வரிசையில் இருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம். எதிரே யாரும் இல்லை. வில்சன் சார் திருச்சியில் இருந்தார்.

எனக்குள் பழைய எரிச்சல் அப்படியே எழுந்தது. இந்தத் தடவை காட்டிச் சொல்ல ஆள் இல்லை.

ஏழு நாற்பது ரயிலில் திரும்பினோம். கூட்டம் இல்லை. எதிரெதிராக உட்கார்ந்தோம். எது பிடித்தது என்று கேட்டாள். மூன்றாவது என்றேன். அவள் நம்பவில்லை. அந்த அடியைச் சொன்னேன். பாடவில்லை, சொன்னேன், கம்பெனியில் பேர் கூப்பிடுவது போல. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார்.

ரெஜினா சிரிக்கவில்லை. அடுத்த அடியை மெதுவாகப் பாடினாள். நிறுத்தினாள். அதற்கடுத்தது என்னுடையது போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பல்லாவரம் வந்தது. நாங்கள் உடனே எழுந்திருக்கவில்லை.