போர்மேன் துரையின் மீனைக் கருவாடு போட்டவன் நான்

இன்று காலை ஊட்டியிலிருந்து என் மகன் ஒரு போட்டோ அனுப்பினான்.

கையில் ஒரு டிரவுட் மீன். முகத்தில் உலகத்தையே பிடித்துவிட்ட சிரிப்பு. (ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது இவனுக்கு.)

போன் போட்டேன். "கொழம்பு வச்சியாடா?"

"இல்ல நைனா, போட்டோ எடுத்துக்கினு தண்ணியிலயே வுட்டுட்டேன்."

வந்த எரிச்சலில் காபி ஆறிப்போய்விட்டது. அந்த மீனால் நான் பட்ட பாடு இவனுக்கு எங்கே தெரியும்?

ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டெம்பரவரி ஃபிட்டராக இருந்தேன். பர்மனென்ட் ஆனால்தான் பிலோமினாவைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் ஆங்கிலோ இந்தியன் போர்மேன். அவரை எல்லோரும் துரை என்போம்.

துரைக்கு ஒரே வியாதி, ஊட்டி டிரவுட். எங்கள் ஸ்டோர்கீப்பர் வீட்டுக் கூடத்தில் அவரே பிடித்த டிரவுட் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. துரை மூன்று வருஷமாக வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். ஸ்டோர்கீப்பரின் கேலி தாங்கவில்லை.

"இன்னா மேன், நீ ராயபுரம். உன் ஃபாதர் கட்டுமரம். என்கூட வா. ஊருக்குத் திரும்புனதும் உன் பேப்பர் பாக்குறேன்."

எப்படி மாட்டேன் என்பது?

போனதோ கோடை முடிகிற சமயம். மழை இன்னும் இறங்கவில்லை. ஆற்றில் கணுக்கால் தண்ணீர், அதுவும் அடிக்கல் தெரிகிற தெளிவு. நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். ஏரிக்குப் போனால், வெயிலுக்குப் பயந்து எல்லாம் அடி ஆழத்தில் படுத்திருந்தன. விடியலில் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம், அவ்வளவுதான் மேலே வரும்.

அதற்குத் துரை போட்ட இரை என்ன தெரியுமா? கோழி இறகு. ஈ மாதிரி கட்டின கோழி இறகு!

"சார், ரெண்டு எறா மாட்டலாமா?" என்றேன்.

"ஷட் அப் மேன். எறா போட்டா அது ஸ்போர்ட் இல்ல."

மூன்று நாள். குளிரில் என் முட்டி இரண்டும் தந்தி அடித்தது. நாலாம் நாள் விடியலில் ஏரி ஓரத்தில் மாட்டியது பாருங்கள், முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒன்று. துரை கண்ணில் தண்ணீர்.

"மேன், மெட்ராஸ் போய் ஸ்டோர்கீப்பருக்குக் காட்டணும். பத்திரமா வச்சுக்கோ. நான் டவுன் வரைக்கும் போய் வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

மெட்ராஸ் என்றால் ஒரு ராத்திரி ரயில். முழு மீன் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் நாறிவிடும் என்று எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். மீனைப் பத்திரமாக வைப்பது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். வயிற்றைக் கீறினேன். துண்டம் போட்டேன். நாங்கள் தங்கியிருந்த பங்களாவின் சமையற்கட்டிலிருந்த உப்பையெல்லாம் தடவி வெயிலில் பரப்பினேன். தலை வீணாகக் கூடாது என்று குழம்பில் போட்டேன்.

துரை ஒரு ஆளோடு திரும்பி வந்தார். அந்த ஆள், மீனையும் பறவையையும் உயிரோடு இருப்பது போலப் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பவர்.

அவர் என் துண்டங்களை வரிசையாகப் பார்த்தார். "தலையாவது இருக்கா தம்பி?"

"கொழம்புல கீதுங்க."

துரை திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. போய் ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என் வேலையும் பிலோமினாவும் அந்த ஏரியோடு போயாயிற்று.

ரயில் அரக்கோணம் வந்த பிறகுதான் துரை வாயைத் திறந்தார்.

"மேன், அது எம்மாம் பெருசுன்னு நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன் சார்."

"வேற யாருனா பாத்தாங்களா?"

"முழுசா பாத்தது நான் ஒருத்தன்தான் சார்."

"டெம்பரவரி ஆளு சொன்னா ஸ்டோர்கீப்பர் நம்ப மாட்டான் மேன்."

மறுநாளே கையெழுத்து ஆகிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஸ்டோர்கீப்பர் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "சொல்லு மேன், எம்மாம் நீளம்?" நானும் கையை விரித்துக் காட்டுவேன். (இன்க்ரிமென்ட் வர வர மீனும் வளர்ந்தது.)

இந்தக் கதையைச் சொன்னதும் மகன் போனில் சிரிக்கிறான். "எனக்கு சாட்சி எதுக்கு நைனா? அதான் போட்டோ கீதே."

அன்றைக்குத் துரை கையில் ஒரு கேமரா இருந்திருந்தால் எனக்கு வேலை இல்லை, பிலோமினா இல்லை, நீயே இல்லையடா.

நீங்களே சொல்லுங்கள், இவன் போட்டோவுக்கு நான் லைக் போட வேண்டுமா?