சியாக்காப் குஞ்சுகளுக்கு இடம் வேண்டும்

இன்று மதியம் கிள்ளானில் என் டாக்சியில் ஏறிய அங்கிளின் மடியில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகள். உள்ளே தண்ணீரும் சியாக்காப் மீன்குஞ்சுகளும்.

"தூண்டில் போட்டா ஒன்னுமே மாட்டல தம்பி. அதான் நாமளே வாங்கி விட்டுருவோம்னு."

அவர் சொன்ன ஓடைக்குப் போனோம். கரையோரச் சதுப்புக்காட்டை வெட்டி, லோரி லோரியாக மண் கொட்டியிருந்தார்கள். ஓடையே இல்லை.

"போன மாசம்கூட இருந்துச்சு லா" என்றார்.

அடுத்த ஓடையில் தண்ணீர் இருந்தது. குறுக்கே, கொசுவலை போன்ற பொடிக்கண் வலையும் இருந்தது. வலைக்காரர் பைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"விடுங்க அங்கிள், நாங்க அள்ளிக்கிறோம்."

"கொஞ்சம் வளரட்டும் பாஸ். முட்டை போட்டாத்தானே நாளைக்கு உங்களுக்கும் மீன்?" அங்கிள் கெஞ்சினார்.

"நான் விட்டா அந்தப் பக்கம் இருக்கறவன் அள்ளுவான். நான் என்ன செய்ய?"

இப்போது காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். சில குஞ்சுகள் கவிழ்ந்து மிதக்கத் தொடங்கிவிட்டன. பையை ஆட்டிக்கொண்டே, "எங்கயாச்சும் போங்க தம்பி" என்கிறார்.

மரம் இருந்து, வலை இல்லாத ஓடை யாருக்காவது தெரியுமா? உடனே சொல்லுங்கள்.

பக்கத்தில் மீனுக்கு நல்ல இடம் எது என்று போனில் தேடினேன். வரிசையாக சீஃபூட் கடைகளைக் காட்டுகிறது.