ஒரே ஒரு கட்டம்

ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் கடையைக் காணவில்லை. பேகம்பூரில் நானும் என் கணவரும் தோல் பைகள் செய்து விற்கிறோம். அவர் வெட்டித் தைப்பார். விற்பது என் பொறுப்பு. கடை என்று தெருவில் எதுவும் கிடையாது, போனில் ஒரு செயலியில்தான் இருந்தது. மூன்று வருடம் படம் போட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி ஆட்களைச் சேர்த்திருந்தேன். ஏதோ விதியை மீறிவிட்டோமாம், கணக்கை முடக்கிவிட்டார்கள். எந்த விதி என்று கேட்க அங்கே ஆளே இல்லை. வாங்கியவர்களின் முகவரி பார்சல் ரசீதில் இருந்தது. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மற்ற எல்லோரும் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள், இனி ஆட்களின் மின்னஞ்சல் முகவரியை நானே வாங்கி வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். கடிதம் எழுதினால் நேராக அவர்களிடம் போய்ச் சேரும்.

முகவரி வாங்க இணையத்தில் தனியாக ஒரு பக்கம் வேண்டும், லேண்டிங் பேஜ் என்கிறார்கள். வீடியோக்களைப் பார்த்து ஒரு வாரத்தில் நானே செய்தேன். கல்யாணப் பந்தல் மாதிரி ஜோடித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஓடும் படங்கள், குடும்ப வரலாறு, இதுவரை செய்த எல்லாப் பைகளும். கடைசியில் நிரப்புவதற்குப் பதினோரு கட்டங்கள். பத்து நாளில் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்: நானும் என் கணவரும்.

கணவரின் தங்கை சின்னாளபட்டியில் ஆசிரியை. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கூப்பிட்டாள்.

"மதினி, ஸ்டாண்டுல ஏறும்போது தொறந்தேன். காந்திகிராமமே வந்துருச்சு, இன்னும் படம் வந்துக்கிட்டே இருக்கு."

"கீழ ஃபாரம் இருக்கே, பாத்தியா?"

"பாத்தேன். என் பொறந்தநாளு, பிடிச்ச கலரெல்லாம் எதுக்குக் கேக்குறீங்க? இம்புட்டும் குடுத்தா எனக்கு என்ன தருவீங்க? அத எங்கயும் சொல்லலையே."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது விடவில்லை. என்ன தருவேன்? மூன்று வருடமாக ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்டது விலைகூட இல்லை, மழைக்காலத்தில் பையில் பூஞ்சை பிடிக்கிறதே, என்ன செய்ய என்பதுதான்.

கணவரிடம் போய் உட்கார்ந்து, அதைத் துடைத்து எடுக்கும் முறையைச் சொல்லச் சொன்னேன்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா நம்மகிட்ட யாரு வருவா?"

"பூஞ்சை தொடைக்கிறதுல என்ன ரகசியம்? சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்கியது. பழைய பந்தலைப் பிரித்துப்போட்டேன். ஒரு படம். பெரிய எழுத்தில் ஒரு வரி: 'தோல் பையில் பூஞ்சையா? போக்கும் முறையை அனுப்புகிறோம்.' மின்னஞ்சல் எழுத ஒரே ஒரு கட்டம். பொத்தானில் 'எனக்கு அனுப்புங்கள்'. அடியில் சிறியதாக, வாரம் ஒரு கடிதம் வரும், வேண்டாமென்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்று.

மறுநாள் பஸ் கிளம்பும் முன்பே நாத்தனார் சேர்ந்துவிட்டாள், ஆசிரியர்கள் குழுவிலும் பகிர்ந்தாள். சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் கடிதத்தில், உங்கள் பையில் என்ன குறை என்று கேட்டிருந்தேன். பதில்கள் கொட்டின. கும்பகோணத்து வக்கீல் ஒருவர், துடைப்பதற்கு முன்பும் பின்பும் என்று தன் பையை இரண்டு படம் எடுத்து அனுப்பினார். பலருடைய குறை ஒன்றாகவே இருந்தது: மடிக்கணினி வைத்தால் சாப்பாட்டு டப்பாவுக்கு இடமில்லை, வைத்தாலும் குழம்பு சிந்துகிறது.

டப்பாவுக்குத் தனி அறை வைத்து ஒரு பை வரைந்தோம். கணவர் நாற்பது தைத்தார். "அம்புட்டும் விக்குமா?" என்று ஒவ்வொரு பைக்கும் ஒருமுறை கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, புதுப் பை தயார் என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாச்சு?"

"தீந்துருச்சு."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்!"

தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். பிறகு போனை வாங்கி, வந்திருந்த ஆர்டர்களை ஒவ்வொரு ஊராக உரக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

பள்ளி விட்டதும் நாத்தனார் கூப்பிட்டாள். "மதினி, எனக்கு ஒன்னு எடுத்து வச்சிருக்கீங்கள்ல?"

"இல்லம்மா. நீயும் லிஸ்ட்டுல தான இருக்க? லெட்டரப் பாத்து முந்தியிருக்கணும்."