கேரி தீவுக்கு வந்த கடைசி அதிகாரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை கேரி தீவுக்குப் போனேன். எல்லாரையும் போல நண்டு சாப்பிட அல்ல. மோசே எழுதியதாகச் சொல்லப்படும் பைபிளின் தொடக்கத்தில் உள்ள தோராவின் ஐந்து நூல்களை உண்மையில் யார் எழுதினார்கள் என்பது பற்றி பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வரும் ஒரு பெண், "எங்க அத்தைக்கு நீங்க ஒரு ஹெல்ப் பண்ணணும் டீச்சர்" என்றாள். என் ஆராய்ச்சியைத் தேடி அந்தத் தீவின் எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்ததில் தலைகால் புரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு கொம்யூட்டர் ரயில். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கட்டணம் ஐந்தாறு ரிங்கிட். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் குறிப்புகளைப் புரட்டினேன். படைப்பின் கதை இரண்டு முறை வருகிறது, இரண்டும் ஒத்துப்போவதில்லை. வெள்ளக் கதையில் பேழைக்குள் போன மிருகங்களின் கணக்கும் இரண்டு விதம். கடவுளின் பெயரே இடத்துக்கு இடம் மாறுகிறது. நாலு வெவ்வேறு மூலங்களை ஒருவர் பின்னித் தந்தார் என்பது பழைய கொள்கை. பல தலைமுறைகள் துண்டு துண்டாகச் சேர்த்தது என்கிறார்கள் இப்போது சிலர். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சிக்கல் முடிவில் இருக்கிறது. மோசே இறந்து புதைக்கப்பட்டதையும் ஐந்தாம் நூலின் கடைசி அதிகாரமே சொல்கிறது. கடைசி எட்டு வசனங்களை மோசேக்குப் பின் தலைவரான யோசுவா எழுதினார் என்றார்கள் சில யூத அறிஞர்கள். தன் சாவை மோசேயே அழுதுகொண்டு எழுதினார் என்றார்கள் வேறு சிலர்.

கிள்ளானில் கிராப் டாக்சி பிடித்தேன். முக்கால் மணி நேரம், ஐம்பது ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுநர் நம் ஆள். பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைதான். பத்தரை மணி வெயில், ஆனால் மரங்களுக்கு அடியில் பார்த்தால் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு.

"யாரப் பாக்கப் போறீங்க அக்கா?"

"சூசை அங்கிள் வீட்டுக்கு."

வண்டியின் வேகம் குறைந்தது. "அந்த வாய்ஸ் வந்துச்சே, அந்த வீடா? நான் ரோட்டுலயே எறக்கி விட்டுர்றேன் லா."

மீதித் தூரத்தை நடந்தேன். அங்கிளின் மனைவியும் என் மாணவியின் அத்தையுமான ரீத்தா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். அங்கே செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேதாகமம் கேட்டபடி வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக அங்கிள் தினமும் ஓர் அதிகாரம் வாசித்து, கோயில் வாட்சப் குழுவுக்கு அனுப்புவார். தொண்டையில் நோய் வந்த பிறகும் விடவில்லை, கிசுகிசுத்தே வாசித்தார். ஐந்தாம் நூலில் ஒரே ஓர் அதிகாரம் பாக்கி இருக்கும்போது இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை, அந்த அதிகாரம் அவர் எண்ணிலிருந்து குழுவுக்கு வந்தது.

"அது அவருன்னா, அவரு இன்னும் போய்ச் சேரலன்னு அர்த்தம். ஜனங்க இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றார் அக்கா. "அத வாசிச்சது யாருன்னு பாத்துச் சொல்லுங்க. நிம்மதியா இருக்காரா இல்லையா, அது தெரிஞ்சா போதும் டீச்சர்."

அக்காவின் போனில், முந்தைய அதிகாரத்தையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே கிசுகிசுப்பு. வசனத்துக்கு வசனம் பல்லிடுக்கில் அதே மூச்சு. நாலாவது தடவையில்தான் பிடிபட்டது. பழைய பதிவுகளில் பக்கம் திருப்பும்போது தள்ளி எங்கோ வளையல் சத்தம் கேட்டது. கடைசிப் பதிவில் அது காதை ஒட்டிக் கேட்டது.

"அவர் வாசிக்கும்போது பக்கம் திருப்புறது யார்?"

"நான்தான். அவரு கையில போன், என் கையில புத்தகம்."

அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்துக் காட்டச் சொன்னேன். அக்கா கிசுகிசுத்தார். முதல் வசனத்தின் முடிவில் பல்லிடுக்கில் மூச்சு வந்தது. அக்காவுக்கும் கேட்டுவிட்டது போலும், நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்கதான் அக்கா வாசிச்சிருக்கீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லையே. அந்த மூணு நாளும் டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையில கெடந்தேன்."

பிறகு அக்கா தன் போனை எடுத்துக் குழுவுக்குச் சொன்னார்: "அது நானும் அவரும் வாசிச்சது. வேல முடிஞ்சிருச்சி. யாரும் பயப்படாதீங்க."

போக நினைப்பவர்களுக்கு: திரும்பி வர தீவில் கிராப் கிடைப்பது குதிரைக்கொம்பு. போகும்போதே ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் மாணவியின் மாமாவுடைய வேனில் கிள்ளான் பக்கத்திலுள்ள பண்டமாரான் வரை வந்து, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வேறு வண்டி பிடித்தேன். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். எஸ்டேட் சாலைகளில் எல்லா மர வரிசையும் ஒரே மாதிரி இருக்கும், தனியாக உள்ளே நடக்காதீர்கள்.

வேனில் ஏறும்போது எனக்கு ஒரு சந்தேகம். என் தொழில் அப்படி, எந்த இழையும் தொங்கக் கூடாது. அங்கிளின் போனை எப்படித் திறந்தீர்கள் என்று வழியனுப்ப வந்த அக்காவிடம் கேட்டேன்.

"நம்பர் போட்டாத்தான் தெறக்கும். அத அவரு யார்கிட்டயும் சொல்லல" என்றார் அக்கா, பதற்றமே இல்லாமல். "எனக்கும் தெரியாது டீச்சர். அதனாலதானே ரெண்டு பேரும்னு சொன்னேன்."